கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதுமா?

முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் பார்சல்களை எடை போட்டவன் நான். இப்போது தினமும் காலையில் என்னையே எடை போட்டுக்கொள்கிறேன். பல் தேய்த்து, கழிவறை போய் வந்து, காபி குடிப்பதற்கு முன்னால் மெஷின் மேல் ஏறி நிற்க வேண்டும். நோட்டில் தேதியும் கிலோவும் எழுத வேண்டும். டாக்டர் உத்தரவு.

போன ஐப்பசியில் மூச்சிரைப்பு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிடப் போகிறது என்று என் மனைவி அழுதுவிட்டாள். அப்படி இல்லை. இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அழுத்தி ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது. நல்ல இதயம் இடது அறையில் நிரம்பும் ரத்தத்தில் பாதிக்கு மேல் ஒரு துடிப்பில் வெளியே தள்ளுமாம். என்னுடையது நூற்றுக்கு 30. ரத்த ஓட்டம் குறைந்ததும் உடம்பில் தண்ணீர் பற்றவில்லை என்று சிறுநீரகம் தப்பாகக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலில் வீக்கமாகவும், நெஞ்சில் மூச்சிரைப்பாகவும் வருகிறது. உப்பைக் குறை, எடையைப் பார், நீர் மாத்திரை போடு என்பதெல்லாம் இதற்காகத்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். எத்தனை தண்ணீர், எத்தனை உப்பு, எந்த மாத்திரை எப்போது என்று எல்லாம் அதில் இருந்தது. "நல்லா கவனிச்சுக்கோங்க சார்" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

தை மாதம் மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே மூச்சிரைப்பு. ஏன் என்பதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நீர் மாத்திரை. அதைப் போட்டால் ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்க வேண்டும். மார்கழியில் ஒரு ராத்திரி குளியலறை ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டதால் இடுப்பு தப்பியது. எங்கள் தெருவில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்து, திரும்ப எழாமலே போனவர்கள் இரண்டு பேர். அன்றிலிருந்து சாயங்கால மாத்திரையை யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். மனைவிக்குக்கூடத் தெரியாது.

கால் வீங்கியது, செருப்பு இறுகியது, ஒரு தலையணை மூன்று தலையணை ஆயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர், "படிச்சவர்தானே சார், இப்படிப் பண்ணலாமா?" என்றார். மருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று குறிப்பிலும் எழுதிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. நான் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அலட்சியம் இல்லை. மூச்சு வாங்குவதா, விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வதா என்று இரண்டு பயத்துக்கு நடுவில் நின்றவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், விழுந்தீர்களா?" என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். பிறகு வந்த வயதான டாக்டர் அதைத்தான் கேட்டார். மாத்திரையை மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றினார். மகன் குளியலறைச் சுவரில் கைப்பிடி மாட்டி, நடையில் ஒரு சின்ன விளக்கும் போட்டான். அவ்வளவுதான்.

எடை மெஷின் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, நிற்கத் தள்ளாடுகிறதே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்சலைக் கையால் தாங்கிப் பிடித்தால் எடை குறைவாகக் காட்டும் என்று எனக்குத் தெரியாதா? என் விஷயத்தில் அது உறைக்கவில்லை. இரண்டாவது, பசியில்லாமல் சாப்பாடு குறைந்து தொடையிலும் கையிலும் சதை கரைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சதை போக, இன்னொரு பக்கம் நீர் சேர, நோட்டில் எடை பெரிதாக ஏறவே இல்லை.

இந்தச் சதை கரைவதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதுமைத் தளர்ச்சியை அளந்து பார்க்க ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா ஃபிரைட் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 2001-இல் ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள். தானாக எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடியில் பலமின்மை, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசல்படி. நான் எண்ணிப் பார்த்தேன். நான்கு தேறியது. எக்கோ எடுத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எத்தனையோ ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து காட்டுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இதயத்தைப் பார்த்தார்கள், அதைச் சுமந்துகொண்டு நடக்கிற ஆளைப் பார்க்கவில்லை.

"வயசானா அப்படித்தான்" என்பார்கள். எல்லாவற்றையும் வயசின் தலையில் போட முடியாது. இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுத்த 60 வயதுக்கு மேற்பட்ட 349 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டார்கள். அவரவர் நிலைக்குத் தகுந்தபடி பலம், நிதானம், நடை, தாக்குப்பிடிக்கும் சக்தி இவற்றுக்குப் பயிற்சி கொடுத்தபோது உடம்பின் செயல்திறன் நன்றாகவே கூடியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவது குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இருக்கட்டும். யாரையும் கூப்பிடாமல் கழிவறைக்குப் போய் வருவது என் வயதில் சின்ன விஷயமா?

இதில் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாம் தடவை திரும்பி வந்ததும் என் மனைவி என்னை ஒரு டம்ளர்கூடத் தூக்க விடவில்லை. "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அன்புதான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் மிச்சமிருக்கும் சதையும் போய்விடும். அவளுக்கும் வயது 71, முழங்கால் வலி. என்னையும் சேர்த்துச் சுமந்தால் அவள் என்னாவது?

பேசி வேலையைப் பிரித்துக்கொண்டோம். எடை பார்ப்பது, எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. அடுக்கியதைச் சரிபார்ப்பது அவள் வேலை. நோட்டின் படத்தை வாராவாரம் பார்ப்பது மருமகள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு காலையில் பத்து தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறேன். முதல் வாரம் மூன்று தடவைக்கு மேல் முடியவில்லை.

உப்பு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, எல்லோருக்குமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை நீங்களாக வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். இதய மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. மனைவியின் முழங்கால் வலி மாத்திரையில் ஒன்றை நான் எடுத்துப் போட்டுக்கொள்ளப் போனேன். மருந்துக்கடைத் தம்பி தடுத்தார். அந்த வகை மாத்திரைகள் பலவும் உடம்பில் நீரைப் பிடித்து வைக்குமாம்.

என் கட்சி இதுதான். 'தன்னைத்தானே கவனித்துக்கொள்வது' என்றால் தனியாகக் கவனித்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. டாக்டர்கள் தாளைக் கொடுப்பதற்கு முன், இதைச் செய்ய இந்த ஆளால் முடியுமா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். பிள்ளைகள் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாமல், எது முடியவில்லையோ அதை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வயதுக்காரர்கள் வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

இன்று காலை 58.4 கிலோ. நேற்று 58.2. சுவரைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் மனைவி நின்றாள், அவளையும் தொடவில்லை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.

நான் மறைத்தது ஒரு மாத்திரை. நீங்களும் ஏதாவது மறைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.