விஞ்ஞானச் சாளரம்: கம்பியும் மின்வில்லும்

வெல்டிங் கடையொன்றிற் கண்ட காட்சியைப் பற்றி மாணவரொருவர் சென்ற வாரம் எம்மிடம் வினவினார். தொழிலாளியின் கையிலிருந்த துப்பாக்கி போன்ற கருவியிலிருந்து மெல்லிய உருக்குக் கம்பி இடையறாது வெளிவந்து, சுடரிற் பட்டு உருகிக்கொண்டே இருந்ததாம். “வரும் வேகமும் உருகும் வேகமும் எங்ஙனம் ஒத்திருக்கின்றன, ஐயா?” என்றார்.

நல்ல கேள்வி. கம்பி விரைந்து வந்தால் உருகுமுன் தகட்டில் முட்டும். தாமதித்தால் சுடர் மேலேறிக் கருவியின் செப்பு முனையையே சுட்டுவிடும். நிமிடத்துக்கு 5 மீற்றர் வீதம் கம்பி வருமாயின், ஒரு செக்கனில் 8 சதமமீற்றருக்கு மேல் உருகியாக வேண்டும். சுடரின் நீளமோ சில மில்லிமீற்றர்தான். மனிதக் கையால் ஆகிற காரியமா இது?

முன்னைய தானியங்கிப் பொறிகள் பலவற்றில், சுடரின் மின்னழுத்தத்தை அளந்து, அது நீண்டால் மோட்டாரை விரைவுபடுத்தியும் குறுகினால் தணித்தும் வந்தனர். அப்பொறிகள் சிக்கலானவை, அடிக்கடி பழுதுற்றன. 1941 இல், போரின் காரணமாகக் கீவ் நகரிலிருந்து யூரல் மலைப்பகுதியின் நிசினி தகில் நகருக்கு இடம்பெயர்ந்த பற்றன் ஆய்வு நிலையம், அங்கே டாங்கிகளின் கவசத்தகடுகளை ஒட்டும் பணியை ஏற்றது. தேர்ந்த தொழிலாளரோ அரியர். பொறிகளின் முன் நின்றோருட் பலர் பெண்களும் சிறுவர்களுமே. அவர்கள் கையிற் சிக்கலான பொறியை எப்படிக் கொடுப்பது?

1942 இல் அந்நிலையத்தைச் சேர்ந்த டயற்லோவ் விடை கண்டார். மின்வில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். சுடர் நீண்டால் மின்னோட்டம் குறைகிறது. கம்பி மெதுவாக உருகுகிறது. பின்னால் வரும் கம்பி இடைவெளியை நிரப்பிவிடுகிறது. குறுகினால் இதற்கு மறுதலை. ஆகவே வேகத்தை ஓயாது மாற்ற வேண்டியதில்லை. மாறாது வைத்திருந்தாற் போதும்! பொறி எளிதாயிற்று. மாணவர் கண்ட கருவியும் இவ்வியல்பையே நம்பியிருக்கிறது.

மாறாது வைத்திருப்பதும் சிறு வேலையன்று. கம்பி செல்லும் குழாய் வளையும், தூசு அடைக்கும், மோட்டார் தளரும். இங்கேதான் கட்டுப்பாட்டுச் சுற்று வருகிறது. சுழலும் மோட்டார் தானும் ஒரு மின்பிறப்பாக்கியே. அதில் எழும் எதிர் மின்னழுத்தம் அதன் வேகத்துக்கு நேர்விகிதமானது. மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக ஊட்டி, துடிப்புகளின் இடைவெளியில் அவ்வெதிரழுத்தத்தை அளந்து, தொழிலாளி குமிழைத் திருகி வைத்த அளவோடு ஒப்பிடும் சுற்றுகள் உள. வேகம் குறைந்திருப்பின் துடிப்பு நீளும், மிகுந்திருப்பின் சுருங்கும். வேறு சில பொறிகளில் மோட்டாரின் அச்சிலேயே வேகமானி பொருத்தியிருப்பர்.

நிறுத்துவதிலும் ஒரு நுட்பமுண்டு. விசையை விட்ட பின்னும் மோட்டார் சுழன்றுகொண்டிருந்தால், கம்பி உருகிய குழம்பிற் புகுந்து உறைந்துவிடும். ஆதலின் சுற்று அக்கணமே மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைக்கிறது. பிறப்பாக்கியாக மாறிய மோட்டார் தன்னைத் தானே தடுத்து நிற்கிறது.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய விளையாட்டுக் காரொன்றின் மோட்டாரைக் கழற்றி, அச்சை விரலாற் சுழற்றுங்கள். பின்னர் அதன் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுழற்றுங்கள். முன்னையிலும் விரைவில் நின்றுவிடும்.