தோட்டாவில் கொழுப்பு ஏன் தடவப்பட்டது?

1857ஆம் ஆண்டு எழுச்சியைப் பற்றி எழுதும்போது 'பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டா' என்ற தொடரோடு காரணத்தை முடித்துவிடுகிறோம். 'தடவிய' என்னும் பெயரெச்சத்துக்குத் தடவியவர் யார், எதற்காகத் தடவினார் என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. அவ்விரண்டும் விடுபடுவதால், சிப்பாய்களின் மறுப்பு வெறும் மத அச்சமாகச் சுருங்கிவிடுகிறது. எதற்காக என்ற கேள்விக்கு விடை துப்பாக்கிப் பராமரிப்பில் இருக்கிறது.

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாகிறது. குழலுக்குள் படியும் அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அது நீரில் கரையும் உப்பு. எண்ணெயால் மட்டும் துடைத்தால் போகாது. ஆகவே வாய்வழி மருந்திடும் துப்பாக்கியை முதலில் வெந்நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பின்னரே எண்ணெய் பூச வேண்டும்.

சிப்பாய்கள் பழகியிருந்த மஸ்கட்டின் குழல் வழவழப்பானது. குண்டும் அதில் தளர்வாக இறங்கும். கசடு சேர்ந்தாலும் பல முறை சுடலாம். 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் குழலிலோ சுழல் பள்ளங்கள் இருந்தன; குண்டு நெருக்கமாகப் பொருந்த வேண்டும். மசகு பூசாவிட்டால் சில முறை சுட்டதுமே அடுத்த குண்டை உள்ளே தள்ளுவது கடினமாகிவிடும். கசடை இளக்கவே தோட்டாவின் காகிதத்தில் மசகு தேவைப்பட்டது.

ஆக, மசகு தொழில்நுட்பத் தேவை. விலங்குக் கொழுப்பு அப்படியன்று. தேன்மெழுகும் எண்ணெயும் அவ்வேலையைச் செய்யும். சிப்பாய்கள் தாம் விரும்பும் மசகைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்று 1857 ஜனவரி இறுதியில் அரசே அனுமதித்தது. ஆட்சேபத்துக்குரிய கொழுப்பைத் தவிர்க்கத் தனிக் கவனம் எடுக்கப்படவில்லை என்பதையும் அதிகாரிகள் பின்னர் ஒப்புக்கொண்டனர். அனுமதி வருவதற்குள் நம்பிக்கை போய்விட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படையினர் மறுத்தவை புதிய தோட்டாக்களே அல்ல, பழையவை.

தேவையையும் தேர்வையும் பிரித்துக் கற்பித்தால் மாணவர்களுக்கு இது தெளிவாகும். சிப்பாய்கள் அறிவியலை எதிர்த்தவர்கள் அல்லர். தாம் பல்லால் கடிக்க வேண்டிய பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. நம் பாடநூல்கள் அந்தத் தொடருக்கு முன்னால் துப்பாக்கிக் குழலைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும்.