வள்ளூர் சாம்பலும் நம்ம வீட்டு சுவிட்சும்

வள்ளூர்னு சொன்னா பாதிப் பேர் திருவள்ளூர்னு நினைச்சுப்பாங்க. மீதிப் பேர் "வள்ளுவர் பிறந்த ஊரா?"ன்னு கேப்பாங்க :-) ரெண்டும் இல்லை மக்களே. திருவள்ளூர் மாவட்டம்தான், ஆனா அந்த மாவட்டத்தோட கிழக்குக் கோடி. மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி எண்ணூர் தாண்டினதும் வானத்தை முட்டிக்கிட்டு நிக்கிற புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீங்க. அந்த ஏரியாதான்.

இந்த ஊரைப் பத்தி எழுத ஒரு காரணம் இருக்கு. நம்ம ஆளுங்க தொழில்நுட்பம்னு பேச ஆரம்பிச்சா புது போன், புது லாங்குவேஜ், இப்போ ஏஐ, இதோட நிறுத்திக்கிறோம். இது எல்லாத்துக்கும் கரண்ட் வேணும். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருது, வர்ற வழியில யார் தலையில என்ன கொட்டுதுங்கறது தொழில்நுட்பப் பேச்சுல சேராத மாதிரியே நடந்துக்கறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். வடசென்னையில் தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமே இல்லை. அது யாருக்காக வேலை செய்யுது, யாருக்காக வேலை செய்யலைங்கறதுதான் பிரச்சினை.

முதல்ல எதிர்த்தரப்பு நியாயத்தைப் பேசிடுவோம். "அனல் மின் நிலையமே வேண்டாம்னா இருட்டுல உக்காரு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அதுல ஒரு பாதி உண்மை இருக்கு. 2012-ஐ ஞாபகம் இருக்கா? சென்னையில் ரெண்டு மணி நேரம் கட் ஆனதுக்கே நாம புலம்பினோம். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி பக்கமெல்லாம் பத்து மணி நேரத்துக்கு மேல போச்சு. கோவையில் சின்னச் சின்ன ஃபவுண்டரிகளும் பட்டறைகளும் ஷிப்ட் ஓட்ட முடியாம தவிச்சாங்க. அந்த நேரத்துல என்.டி.பி.சி.யும் நம்ம மின்வாரியமும் பாதிக்குப் பாதி கூட்டா கட்டின வள்ளூர் நிலையம் ஓட ஆரம்பிச்சது பெரிய விஷயம்தான். மூணு யூனிட், ஒவ்வொண்ணும் 500 மெகாவாட், மொத்தம் 1500. அதுல பெரும்பங்கு தமிழ்நாட்டுக்கு. பக்கத்துலேயே வடசென்னை அனல் மின் நிலையம். 2024-ல் திறந்த 800 மெகாவாட் யூனிட்டையும் சேர்த்தா அது 2630. ரெண்டையும் கூட்டினா 4130 மெகாவாட், எல்லாம் ஒரே கழிமுகத்தைச் சுத்தி. ஒரு நகரத்தோட வெளிச்சத்தை இப்படி ஒரே மூலையில குவிச்சு வச்சிருக்கோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். சாம்பல் கணக்கு.

இது நானே போட்ட தோராயக் கணக்கு, கால்குலேட்டர் இருக்கிற யாரும் சரிபார்க்கலாம். 1500 மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினா 15 லட்சம் யூனிட். ஒரு நாளைக்கு 3 கோடியே 60 லட்சம். இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரி வேணும். அப்போ நாளைக்கு 25,000 டன். எப்பவும் முழு லோடுல ஓடாது, 70 சதவீதம்னு வச்சுக்குவோம். 17,500 டன். ஒடிசா கரி, பாரதீப்பில் கப்பல் ஏறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல இறங்கி பெல்ட்டுல வருது. நம்ம நாட்டுக் கரியில் சாம்பல் 30-ல் இருந்து 45 சதவீதம் வரை இருக்கும். 35-னு வச்சா, நாளைக்கு 6,000 டன் சாம்பல். 20 டன் லாரியில ஏத்தினா 300 லாரி. தினமும். பொங்கல், தீபாவளி லீவு கிடையாது.

இந்த 300 லாரி சரக்கும் எங்கேயாவது போகணும் இல்லையா? ஒரு பகுதி சிமெண்டுக்குப் போகுது. உங்க வீடு கட்டின மூட்டையில் பி.பி.சி.ன்னு போட்டிருந்து, கலந்தது எரிசாம்பலா இருந்தா, அது 15-ல் இருந்து 35 சதவீதம் வரை இருக்கும். கொஞ்சம் செங்கல்லுக்கு. மிச்சத்தைத் தண்ணியில் கலந்து, குழம்பாக்கி, குழாய் வழியா சாம்பல் குட்டைக்கு அனுப்பறது வழக்கம். எரிசாம்பலை எப்படிப் பயன்படுத்தணும்னு மத்திய அரசு முதல்ல உத்தரவு போட்டது 1999-ல். நூறு சதவீதமும் பயன்படுத்தியே ஆகணும்னு திரும்பப் போட்டது 2021 டிசம்பர் 31-ல். நடுவுல 22 வருஷம். அவ்வளவு நாளும் சாம்பல் காத்துக்கிட்டா இருக்கும்?

குட்டை எங்க இருக்குங்கறதுதான் அடுத்த கேள்வி. கொசஸ்தலை ஆறு பூண்டி வழியா வந்து எண்ணூர்ல கடல்ல கலக்குது. அது கலக்கிற இடத்துல சதுப்பு, உப்பளம், ஓதம் ஏறி இறங்கற சேற்று நிலம். வடக்கே பக்கிங்ஹாம் கால்வாய் வழியா பழவேற்காடு ஏரியோட தொடர்பு. இறால், நண்டு, மடவை எல்லாம் வளர்ற இடம். இதை ஒட்டித்தான் சாம்பல் குட்டைகள். குழாய் ஓட்டையாகி ஆத்துல சாம்பல் கொட்டின கதையை எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்காங்க. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன கதை.

இதுல பெரிய காமெடி வரைபடம். 1996-ல் ஒப்புதல் ஆன கடலோர மண்டல வரைபடத்துல இந்தக் கழிமுகம் கட்டடம் கட்டக் கூடாத பகுதி. பின்னால வந்த ஒரு வரைபடத்துல கழிமுகத்தோட பெரிய பகுதியைக் காணோம்! தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கி, சூழலியல் ஆர்வலர்கள் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாங்க. கிணத்தைக் காணோம்னு வடிவேலு போலீஸ்ல புகார் குடுத்ததைப் பார்த்து சிரிச்சோமே, இங்க ஆத்தையே காணோம். நம்ம வேலையில ஒரு டேபிளை டெலீட் பண்ணினா யார் பண்ணினாங்கன்னு லாக் இருக்கும். ஒரு ஆத்தை டெலீட் பண்ணினா லாக் இல்லை.

"சேறுதானே, போனா போகுது"ன்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு. அந்தச் சேறுதான் வெள்ளத்தை வாங்கிக்கற பாத்திரம். பாத்திரத்துல பாதி சாம்பலைக் கொட்டினா தண்ணி வெளியில வழியத்தான் செய்யும். 2021 நவம்பரில் பூண்டியில் தண்ணி திறந்தப்போ மணலி புதுநகர் வீடுகளுக்குள்ள புகுந்தது கொசஸ்தலை தண்ணி.

இப்போ பக்கெட் கதை. 2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. துறைமுகத்துல அவ்வளவு பெரிய கிரேன், பெல்ட், கம்ப்யூட்டர். எண்ணெய் அள்ள? பக்கெட். மீனவர்களும் தன்னார்வலர்களும் வரிசையா நின்னு கையால அள்ளினாங்க. நாடே பார்த்துச்சு. சரி, அடுத்த தடவை தயாரா இருப்போம்னு நினைப்போம் இல்லையா? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி கொசஸ்தலை முகத்துவாரம் வரைக்கும் வந்துச்சு. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மறுபடியும் மீனவர்கள் படகுல போய்க் கையால அள்ளினாங்க. நடுவுல கிட்டத்தட்ட ஏழு வருஷம். நம்ம போன் எத்தனை வெர்ஷன் மாறியிருக்கும்? பக்கெட் மட்டும் அதே வெர்ஷன்.

அது முடியறதுக்குள்ள டிசம்பர் 26 ராத்திரி. எண்ணூர் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வர்ற குழாயில் அம்மோனியா கசிவு. நடு ராத்திரிக்குக் கொஞ்சம் முன்னாடி. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க. பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அவங்களை எழுப்பினது எது தெரியுமா? மூக்குல ஏறின நெடி.

இதுல என்னை உறுத்தறது ஒண்ணு. அதே வருஷம் அக்டோபரில் நம்ம எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறிச்சே, ஞாபகம் இருக்கா? பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. டவரைப் பார்த்து, அந்த ஏரியாவில் இருக்கிற எல்லா போனுக்கும் தமிழ்லயே செய்தி அனுப்பற வசதி. ஆபீஸ்ல எல்லாரும் துள்ளிக் குதிச்சு, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு விளையாடினோம். ரெண்டு மாசம் கழிச்சு, உண்மையிலேயே தேவைப்பட்ட ராத்திரியில பெரியகுப்பத்துக்கு மூக்குதான் சென்சார். தொழில்நுட்பம் இருந்துச்சு, சோதனையும் பாஸ். ஆலைக்குள்ள அடிக்கிற மணியையும் குப்பத்துல இருக்கிற போனையும் இணைக்கிற கம்பி மட்டும் இல்லை.

புகை விஷயத்துக்கும் வருவோம். கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க எஃப்.ஜி.டி.ன்னு ஒரு அமைப்பு உண்டு. சுண்ணாம்புக் கரைசலைப் புகை மேல தெளிச்சா கந்தகம் ஜிப்சமா மாறிடும். பழைய டெக்னாலஜிதான், ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 2015 டிசம்பரில் இதற்கான அளவுகளை அரசு அறிவிச்சு, 2017-க்குள்ள செய்யணும்னு சொன்னாங்க. அப்புறம் தள்ளி, தள்ளி, 2025 ஜூலையில் நாட்டுல பெரும்பாலான அனல் நிலையங்களுக்கு இந்தக் கட்டாயமே வேண்டாம்னு விலக்கு குடுத்துட்டாங்க. இந்தியக் கரியில் கந்தகம் கம்மி, காத்துல அளவும் வரம்புக்குள்ளதான் இருக்குன்னு காரணம். கந்தகம் கம்மிங்கறது உண்மைதான். ஆனா அந்த வாயு அப்படியே நின்னுடாது. காத்துல மாறி நுண்ணிய சல்பேட் துகளாகி நுரையீரலுக்குள்ள போகும். வாயுவை மட்டும் அளந்துட்டு "பாஸ்" போடறது, இன்புட்டை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு அவுட்புட்டைப் பார்க்காம ரிலீஸ் பண்ற மாதிரி.

செலவு ஆகும்தான். யூனிட்டுக்குச் சில காசு கூடும். அந்தக் காசை நான் குடுக்கலைன்னா வேற யாரும் குடுக்கலைன்னு அர்த்தமா? ஓதத்துல கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்மணி குடுக்கறாங்க. ராத்திரி இன்ஹேலர் தேடற அத்திப்பட்டு குழந்தை குடுக்குது. அவங்க குடுக்கறது பில்லுல வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் இது நமக்கு உறைக்கலைன்னு யோசிச்சா, பதில் கொஞ்சம் கலாச்சாரத்துல இருக்குன்னு தோணுது. வடசென்னைன்னா நமக்கு சினிமா காட்டினது அரிவாள், கேரம் போர்டு, கானா. சாம்பலை யாரும் அவ்வளவாக் காட்டலை. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்ல நின்னு பாடின 'சென்னை புறம்போக்குப் பாடல்' அந்த வகையில ஒரு அபூர்வம். புறம்போக்குங்கற சொல்லையே பாருங்க. ஊர்ப் பொதுவுக்குன்னு, யாரும் பட்டா போடாம ஒதுக்கி வச்ச நிலம். அதை நாம திட்டற வார்த்தையா மாத்திட்டோம். ஒரு நிலத்தோட பேரே வசவுன்னா அங்க சாம்பல் கொட்டினா யாருக்கு வலிக்கும்?

நான் கேக்கறது ஆலையை நாளைக்கே மூடுங்கன்னு இல்லை. மூணு விஷயம், மூணும் இன்னைக்கே செய்யக்கூடியது.

1. 2014-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெரிய ஆலைகளோட புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கற கருவி வைக்கச் சொல்லியாச்சு. அந்த எண்களைத் தமிழ்ல, சாதாரண போன்ல, நேத்து அளவு, போன வருஷ அளவோட சேர்த்துக் காட்டுங்க. மீஞ்சூர் ஸ்டேஷன்ல ரயில் நேரம் ஓடற மாதிரி ஒரு போர்டுலயும் ஓடட்டும்.

2. சாம்பல் குழாயோட ரெண்டு முனையிலும் மீட்டர். இந்தப் பக்கம் போனதும் அந்தப் பக்கம் வந்ததும் சமமா இல்லைன்னா நடுவுல எங்கேயோ ஒழுகுது. இது முதல் வருஷ இன்ஜினியரிங் பாடம். வித்தியாசம் வந்தா பம்ப் தானா நிக்கணும். மீனவர் போய்ப் படம் எடுத்து ட்வீட் போட்ட பிறகு நிக்கக் கூடாது.

3. ஆலைக்குள்ள வாயு அலாரம் அடிச்சா சுத்துப்பட்டுல இருக்கிற எல்லா போனும் அடிக்கணும். எந்தப் பக்கம் ஓடணும்னு காத்தடிக்கிற திசையைப் பார்த்து அதுலயே சொல்லணும்.

இதுல எதுக்கும் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். சாப்பாடு டெலிவரி பண்ற தம்பி எந்தத் தெரு முனையில நிக்கறார்னு நமக்குத் தெரியுது. ஆத்துல எத்தனை டன் சாம்பல் இறங்குதுன்னு தெரியலை. முதலாவதுக்குக் காசு குடுக்க ஆள் இருக்கு, ரெண்டாவதுக்கு இல்லை. அவ்வளவுதான் நம்ம முன்னேற்றத்தோட ரகசியம்.

அடுத்த தடவை கும்மிடிப்பூண்டி லைன்ல போனா ஜன்னலுக்கு வெளியில கொஞ்சம் பாருங்க. அந்தப் புகைக்குக் கீழ இருக்கிறதும் சென்னைதான்.

டிஸ்கி: "நீயும் ஏசி ரூம்ல உக்காந்துதானே பொட்டி தட்டறே?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ஆமா, ஏசியிலதான். அந்தக் கரண்டுக்கு முழு விலையையும் என்கிட்டயே வாங்கிக்கோங்கன்னுதான் சொல்றேன். பக்கத்து ஊர்க்காரன்கிட்ட மீதியை வசூல் பண்ணாதீங்க.