புகார் போனது, அரிவாள் வந்தது

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் இரவு நேரத்தில் அரிவாளோடு சிலர் புகுந்தார்கள். வள்ளியூரில் அவரோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள்தான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. நடந்ததைப் பார்த்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அதிர்ச்சியில் இறந்துபோனார். வெட்டுப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வெட்ட வந்த பையன்களின் சாதி வேறு.

அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. சீண்டல் பொறுக்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டார்கள், விஷயம் வெளியே வந்தது, பள்ளியில் புகார் போனது. இதுவரை எல்லாம் முறைப்படிதான். அதன் பிறகுதான் கோளாறு. சொன்னது யார் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிட்டது. அதற்கும் அரிவாள் வந்ததற்கும் நடுவே, அந்தப் பையன்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசவோ, இவர் வீட்டுப் பக்கம் ஒரு கண் வைக்கும்படி காவல் நிலையத்துக்குச் சொல்லவோ, ‘இது என் வேலை’ என்று எழுந்திருக்கக்கூடிய ஒருவர் இல்லை. தலைமையாசிரியரைக் கேட்கலாம்தான். தேர்ச்சி விகிதம், கழிப்பறைத் தண்ணீர், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம் என்று அவருக்கு ஏற்கெனவே பத்துக் கை வேண்டியிருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டின் விவாதம் கயிற்றில் போய்ச் சிக்கிக்கொண்டது. அது புதிய சிக்கலும் இல்லை. பள்ளிகளில் பிள்ளைகள் சாதிவாரியாக நிறம் பிரித்துக் கயிறு கட்டுகிறார்கள், விளையாட்டு அணித் தேர்விலும் சாப்பாட்டு இடைவேளையிலும் அந்த நிறம்தான் கூட்டு சேர்க்கிறது என்று 2018 தொகுதி ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரிகள் அரசிடம் சொன்னார்கள். அதை வைத்து 2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வி இயக்குநர், இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய கல்வி அமைச்சர், அது தமக்குத் தெரியாமல் போனது, பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். அப்போதே கயிற்றை அவிழ்த்திருந்தால் நாங்குநேரி நடந்திருக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அரசு எவ்வளவு சீக்கிரம் பின்வாங்கும் என்பதைப் பையன்கள் பார்த்துவைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் உறுதி.

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 ஜூன் 18 அன்று, 600 பக்கங்களைத் தாண்டிய அறிக்கை முதல்வர் கைக்குப் போனது. கையில் கயிறு, விரலில் மோதிரம், நெற்றியில் திலகம், சாதி நிறம் பூசிய சைக்கிள் எல்லாவற்றுக்கும் தடை கோரியது அறிக்கை. சண்டை முழுக்கத் திலகத்தைச் சுற்றியே நடந்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றிப் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை. ராகிங், போதைப்பொருள், பாலியல் சீண்டல், சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கண்காணிப்பதுதான் அவர் வேலை. நாங்குநேரியில் இல்லாமல் போன அந்த ஒருவர் இவர்தான். அறிக்கையில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நிறைவேற்ற முடியும் என்று அரசு சொன்னால், இந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கல்வியால் வன்முறையைத் தடுப்பது என்றதும் நீதிபோதனை வகுப்பும் உறுதிமொழியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சடித்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, உதவித்தொகைப் படிவம் வந்த நாளில் “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க” என்று சொல்லும் ஆசிரியர் அதைவிட வலுவான பாடத்தை நடத்திவிடுகிறார். சந்துரு அறிக்கை இந்தச் சின்ன விஷயங்களைக் கவனித்திருக்கிறது: வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, உதவித்தொகை பற்றித் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும், அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும். செலவே இல்லாத வேலைகள்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் கொலைக்கான நிவாரணத்தைத் துல்லியமாக வகுத்திருக்கின்றன. பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதித் தொகை, குற்றப்பத்திரிகை போனதும் மீதி. ஓய்வூதியம், வேலை, பிள்ளைகளின் பட்டப்படிப்புச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் அடுப்படியை அறிந்தவர்கள். உயிர் தப்பியவரின் வீட்டில் நிலைமை வேறு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். வெட்டிய பையனின் உறவினர்கள் புழங்கும் தெருவிலேயே தண்ணீர் பிடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, தேவைப்பட்டால் இடமாற்றம் ஆகியவற்றை உரிமையாகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு தருகிறது. 2016 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னார்கள்? அமைச்சர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போன மறு வாரத்தில்தான் அந்தக் குடும்பத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. நாங்குநேரி மாணவர் சிகிச்சையிலிருந்து மீண்டு பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 வாங்கினார். அந்த மதிப்பெண்ணைக் கொண்டாடியதில், அரசின் கடமை முடிந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதியும் கலந்திருந்தது.

வெட்டிய பிள்ளைகளையும் ஒதுக்கிவிட முடியாது. சிறார் நீதிச் சட்டப்படி நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பிள்ளையின் வீடு, பள்ளி, சேர்க்கை பற்றிச் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். கூர்நோக்கு இல்லத்திலிருந்து அவன் திரும்புவது அதே ஊருக்கு. அங்கே சாதிப்பாட்டை ஸ்டேட்டஸாக வைத்து அவனை வீரனாக வரவேற்க நாலு பேர் காத்திருந்தால் அந்த அறிக்கையால் என்ன பயன்?

சந்துரு அறிக்கை அரசின் கைக்கு வந்து ஓராண்டு ஆவதற்குள், 2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போன பட்டியல் சாதி பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் வென்றதுதான் காரணம் என்று அவர் வீட்டார் சொன்னார்கள். அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து வகுப்பறையிலேயே சக மாணவனை வெட்டினான். பென்சில் தகராறு என்றது காவல்துறை. தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நெல்லையிலும் தூத்துக்குடியிலும் அந்தக் கூட்டங்கள் எந்தெந்தத் தேதியில் நடந்தன, எத்தனை பள்ளிகளில் நல அலுவலர் இருக்கிறார் என்ற இரண்டு பட்டியல்களையும் அரசு தன் இணையதளத்தில் வெளியிடட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூனுக்குள்.