காசு விழுந்தது, ஆட்டம் இல்லை

பிக்சல்ஸ் (2015)
நடிப்பு: ஆடம் சாண்ட்லர், கெவின் ஜேம்ஸ், மிஷெல் மோனஹன், பீட்டர் டிங்க்லேஜ், ஜாஷ் காட்
இயக்கம்: கிறிஸ் கொலம்பஸ்

இரண்டரை நிமிடத்தில் சொல்லி முடித்த விஷயத்தை நூறு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் என்ன ஆகும்? ஹாலிவுட் கோடிக்கணக்கான டாலர் செலவழித்துச் செய்து பார்த்த பரிசோதனை இது.

மூலம் ஒரு குறும்படம். பிரான்ஸைச் சேர்ந்த பாட்ரிக் ழான் 2010-ல் எடுத்தது. நியூயார்க் தெருவில் தூக்கி எறியப்பட்ட பழைய டி.வி. பெட்டியிலிருந்து வீடியோ கேம் உருவங்கள் சதுரம் சதுரமாகக் கிளம்புகின்றன. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் படை டாக்ஸிகளைச் சுடுகிறது. டெட்ரிஸ் கட்டைகள் கட்டடங்கள் மீது இறங்கி மாடி மாடியாக அழிக்கின்றன. கடைசியில் பூமியே ஒரு கனசதுரமாகிவிடுகிறது. வசனம் கிடையாது, மீட்பரும் கிடையாது. 2011-ல் ஆன்சி அனிமேஷன் விழா இதற்குப் பரிசளித்தது.

'ஹோம் அலோன்' புகழ் கொலம்பஸ் இதை விரித்தபோது கதை ஒன்று தேவைப்பட்டது. 1982-ல் நடந்த வீடியோ கேம் போட்டியின் பதிவை மனிதர்கள் விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். அதைப் போர்ப் பிரகடனமாக எடுத்துக்கொண்ட வேற்றுக்கிரகவாசிகள் அதே விளையாட்டுகளின் உருவில் படையெடுக்கிறார்கள். பூமிக்கு மூன்று உயிர். காப்பாற்ற வருபவர்கள் அந்தக்கால ஆட்டக்காரர்கள். நல்ல கரு. ஆனால் படம் அதை முதலில் மறந்துவிடுகிறது. டெட்ரிஸ் உருவானது 1984-ல். ஆர்க்கனாய்ட் வந்தது 1986-ல். 1982 பதிவைப் பார்த்த படையில் இரண்டும் இருக்கின்றன!

சில்லறைக் குறை என்று தள்ளிவிட முடியாது. விதிதான் இந்த விளையாட்டுகளின் உயிர். ஜப்பானியரான டொமொஹிரோ நிஷிகாடோ 1978-ல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகளைச் சுடச் சுட மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் சில்லுக்குச் சுமை குறைந்தது. அதுவே விளையாட்டின் படபடப்பாகிவிட்டது. 1980-ல் வந்த பேக்-மேனின் நான்கு பேய்களுக்கும் தனித்தனி குணம். சிவப்பு பின்னால் துரத்தும். இளஞ்சிவப்பு முன்னால் போய் மடக்கும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரே வழி தோற்பதுதான். ஜெயித்து வெளியேறுவது என்பது அநேகமாக இல்லை. ஒரு நாணயத்துக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பதே பந்தயம்.

படத்தில் இந்தப் பயம் துளியும் கிடையாது. சாண்ட்லர் சுடுகிறார், கேலி பேசுகிறார், மறுபடி சுடுகிறார். டிங்க்லேஜ் குறுக்கு வழியில் ஏமாற்றுகிறார். ஒரே ஒரு இடத்தில் நிஜமாகச் சிரிப்பு வருகிறது. பேக்-மேனை உருவாக்கிய டோரு இவாட்டானி (டெனிஸ் அகியாமா) பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவதுபோல் அதை நெருங்குகிறார். அது அவர் கையைக் கடித்துவிடுகிறது. அசல் இவாட்டானியும் வேறொரு காட்சியில் சட்டென்று வந்து போகிறார்.

ஆர்க்கனாய்ட் தாக்குவது வேறெதையும் அல்ல, நம் தாஜ் மகாலை. சீனப் பெருஞ்சுவரைத் துளைக்கும் காட்சியும் முதலில் திட்டத்தில் இருந்தது. சீனாவில் படம் வெளியாவது பாதிக்கப்படலாம் என்ற கவலையில் அது கைவிடப்பட்டதாக, சோனி நிறுவனத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல்களை ஆதாரம் காட்டி 2015-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. எந்தச் சின்னம் இடியலாம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் அல்ல என்பது புரிகிறது.

எரிச்சலூட்டும் விஷயம் பெண்கள். லேடி லிசா என்ற விளையாட்டு நாயகி வாய் பேசாமல் வாள் வீசி, கடைசியில் ஜாஷ் காடுக்குப் பரிசாகக் கிடைக்கிறாள். இதே படம் லண்டனில் பயன்படுத்தும் சென்டிபீட் விளையாட்டை 1981-ல் எட் லாக்குடன் சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி என்ற பெண். அடாரி நிறுவனத்தின் அந்தப் பிரிவில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வேறு பெண் நிரலாளர் கிடையாது. அந்தக் காலத்தைக் கொண்டாடுவதாகச் சொல்லும் படத்துக்கு அந்தக் காலத்தைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

படம் உலகம் முழுவதும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதற்கான காரணம் திரையில் இல்லை. நாற்பதைக் கடந்த ரசிகர்களின் ஞாபகத்தில் இருந்தது. தன் முதல் கணினி அனுபவத்தைப் பார்க்கப் போனவர்களுக்கு உருவங்களை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். விதிகளையும் பதற்றத்தையும் கொடுக்கவில்லை.

பாட்ரிக் ழானின் குறும்படத்தைப் பாருங்கள். இன்னும் நேரம் இருந்தால் டிஸ்னியின் 'ரெக்-இட் ரால்ஃப்' (2012). விளையாட்டில் வில்லனாகவே படைக்கப்பட்டவனுக்கும் மனசு உண்டு என்று கண்டுகொண்ட படம் அது.