வழக்கம் சான்றாகுமா?

“இப்படித்தான் காலங்காலமாகச் செய்து வருகிறோம்” என்னும் விடை மருத்துவமனைக் கூடங்களில் இன்றும் ஒலிக்கிறது. புதிதாய்ப் பணியேற்ற இளந்தாதி ‘ஏன்?’ என்று வினவுகிறாள். மூத்தவரின் புருவம் உயர்கிறது. வினா அத்தோடு மடிகிறது. அதன் விலையைச் செலுத்துபவளோ படுக்கையில் கிடக்கும் தாய்!

இது மிகையுரை அன்று. பேற்றின்போது குழந்தை வெளிவரும் வாயிலைக் கத்தரிக்கோலால் கீறி அகலப்படுத்தும் முறையின் வரலாற்றைக் காண்க. 1920-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிலீ, தலைப்பிள்ளை பெறுவோர்க்கு முன்கூட்டியே கீறிவிடுவது நன்று என வாதிட்டார். நாளடைவில் பல நாடுகளில் அஃது அன்றாட வழக்கமாயிற்று. கீறினால் பெருங்கிழிசல் நேராது. புண் எளிதில் ஆறும். பிற்காலத்தில் சிறுநீர்க் கசிவு வாராது. இம்மூன்றும் மாணவர்க்குப் பாடமாயின. இவற்றை முறைப்படி சோதித்துப் பாராமலே பல்லாண்டுகள் கழிந்தன.

சோதிக்கத் துணிந்தோருள் ஒருவர் ஒரு மருத்துவச்சி. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஜெனிபர் ஸ்லீப் என்பார் தம் குழுவினருடன் 1000 தாய்மாரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார். முடிவு 1984-இல் வெளிவந்தது. ஒரு பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேர்க்கே கீறல் செய்யப்பட்டது, மற்றதில் ஐம்பத்தொருவர்க்கு. மிகுதியாகக் கீறப்பட்டவர்க்கு வலி குறையவில்லை. குழந்தைகளின் நலத்திலும் வேறுபாடு இல்லை. மூன்றாண்டு கழித்து வினவியபோது சிறுநீர்க் கசிவிலும் வேறுபாடு காணப்படவில்லை. 1993-இல் வெளியான அர்ஜென்டினா ஆய்வு 2606 தாய்மாரைக் கொண்டது. அதிலும் எல்லார்க்கும் கீறும் வழக்கம் பெருங்கிழிசலைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

கீறலே கூடாதென்பதன்று இவ்வாய்வுகளின் முடிவு. குழந்தை மூச்சுக்குத் திணறும் வேளையில் அது தேவைப்படலாம். தேவை நோக்காது எல்லார்க்கும் கீறுவதே தவறு. உலகச் சுகாதார நிறுவனம் இதனை 1996-இல் சொல்லியது. 2018-இல் மீண்டும் சொல்ல நேர்ந்தது. ஒருமுறை சொன்னது போதாமற் போனது ஏன்? அறிவு ஏட்டில் இருந்தது. கத்தரிக்கோலோ பழக்கத்தின் கையில் இருந்தது.

சான்றின் வழி நடக்கச் சொன்னால் மறுப்புகள் எழுகின்றன. “அனுபவத்தினும் பெரிய ஆசான் உண்டோ?” என்பர். அனுபவம் போற்றத்தக்கதே. ஆயினும் கீறப்பட்ட தாய் கீறாதிருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்பதை அனுபவம் காட்டாது. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வே காட்டும். “படிக்க நேரமில்லை” என்பர். இது மெய். ஓய்வின்றி ஓடும் தாதியின் மேசையில் சுற்றறிக்கையை வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணும் நிருவாகமே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். “ஆய்வைப் பின்பற்றினால் தாதி எந்திரமாகிவிடுவாள்” என்பாரும் உளர். கேளாது கீழ்ப்படிபவளன்றோ எந்திரம்? சான்றும் கைத்திறனும் தாயின் விருப்பமும் ஒன்றுகூடும் இடத்திலேயே நல்ல பராமரிப்பு பிறக்கிறது.

ஆகவே செய்ய வேண்டுவன தெளிவு. பணிநேரத்திற்குள்ளேயே ஆய்வுகளைப் படித்து விவாதிக்கப் பொழுது ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். மாதந்தோறும் அவற்றை எண்ணிப் பார்த்து, குறைகளைக் கூடியமர்ந்து ஆராய வேண்டும். பழைய முறையைக் கைவிட மருத்துவச்சிக்கு அதிகாரம் அளிக்க வேண்டும். தன் உடலில் செய்யப்படுவது யாது, எதற்காக என்பதைத் தாய்க்கு அவள் அறிந்த மொழியில் சொல்ல வேண்டும்.

இவை யாவும் மருத்துவமனையில் தொடங்குவன அல்ல, வகுப்பறையில் தொடங்குவன. சொன்னவரை நோக்காது சொன்ன பொருளின் மெய்ம்மையை நோக்குக என்பது வள்ளுவம் பயின்ற சமுதாயத்திற்குப் புதிய பாடமன்று. அதனைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்வித்து, ‘ஏன்?’ என்று கேட்ட மாணவியை அமரச் செய்யும் ஆசிரியர், நாளை வாய்திறவாத ஒரு தாதியை உருவாக்குகிறார். அம்மாணவியின் வினாவுக்கு விடையளிக்கும் ஆசிரியரோ, தாம் என்றும் காணப்போகாத ஒரு தாயைக் காக்கிறார்.