தாயும் சேயும் நலமா?

"தாயும் சேயும் நலம்!" பிள்ளைப்பேறு முடிந்ததும் ஊரெங்கும் ஓடும் சேதி இது. சேய் அழுகிறது, ஆகவே நலம். தாய் மூச்சு விடுகிறாள்; ஆகவே அவளும் நலம்! அதற்குமேல் கேட்பாரில்லை. கேட்டால், "அதெல்லாம் பெண்கள் சமாச்சாரம், நமக்கேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கண்ணியவான்கள் ஏராளம். நாம் கேட்போம், தோழர்களே! இருமினால் சிறுநீர் கசிகிறது. குடத்தைத் தூக்கினால் சேலை நனைகிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ இறங்கி நிற்பதுபோல் ஒரு கனம். இப்படியே பத்தாண்டு, இருபதாண்டு வாழ்கிறாளே, அவளா நலம்?

இது அரிய நோயன்று. பிள்ளை பெற்ற முதல் மூன்று திங்களில், மூன்று பெண்களில் ஏறத்தாழ ஒருத்திக்குச் சிறுநீர்க் கசிவு உண்டு என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்ட கணக்கு. பலருக்குத் தானே சரியாகிறது, பலருக்கு ஆவதில்லை. காரணம் விதியுமன்று, முன்வினையுமன்று, தசை! முன்பக்கத்து இடுப்பெலும்பிலிருந்து பின்பக்கத்து வாலெலும்புவரை, தூளி கட்டியதுபோல் தசை அமைந்திருக்கிறது. சிறுநீர்ப்பையும் கருப்பையும் மலக்குடலும் அத்தூளியின்மேல்தான் நிற்கின்றன. குழந்தையின் தலை வெளிவரும்போது அது மூன்று மடங்குவரை இழுபடுகிறது. சிலருக்கு எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பேறு என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கிழிசல் மலவாய்த் தசையை எட்டிவிட்டால், மலத்தைக்கூட அடக்க இயலாமற் போகும். இதைப் படிக்கையில் முகம் சுளிக்கும் இளைஞன் எவனேனும் இருந்தால், சற்றே நில், தம்பி! நீ வந்த வழி அது.

சவ்வாது மலையை எண்ணிப் பாருங்கள். அங்கே காவலூரில் வானாய்வுக் கூடம் இருக்கிறது. யுரேனசு கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கு 1977-இல் சான்று கண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெருந்தொலைநோக்கி அங்கிருந்து விண்ணைத் துழாவுகிறது. பெருமைதான், மறுக்கவில்லை! ஆனால் அதே மலைத்தொடரில், சாலையற்ற சிற்றூர்களிலிருந்து பேறுகாலப் பெண்ணைத் துணித்தொட்டிலில் போட்டு, மூங்கிலில் கட்டி, தோளில் சுமந்து இறக்கும் அவலமும் இருந்திருக்கிறது. 2023 மே திங்களில், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, வண்டி செல்ல வழியில்லாமல், பெற்ற தாயே கையில் ஏந்தி நடந்தாள். நாடே தலைகுனிந்தது. பிணத்துக்கே வழியில்லாத இடத்தில், பேறுகால வலிக்கு எங்கே வழி?

வலி நீண்டால் என்ன ஆகும்? குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை எலும்போடு வைத்து நசுக்குகிறது. மணிக்கணக்கில், நாட்கணக்கில் அழுத்தம். குருதி ஓட்டம் நின்று சதை செத்து ஓட்டை விழுகிறது. அதன்பின் இரவும் பகலும் சிறுநீர் ஒழுகும். அடக்கும் பேச்சுக்கே இடமில்லை. அறுவை செய்து மூடலாம். அந்த அறுவையை அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை சிம்சு என்ற மருத்துவர் யாரிடம் பழகினார் தெரியுமா? அடிமைகளாக வைக்கப்பட்ட கருப்பினப் பெண்களிடம், மயக்க மருந்தின்றி! அனார்க்கா என்ற பெண்ணை மட்டும் ஏறத்தாழ முப்பது முறை அறுத்தார். நியூயார்க்கில் நின்ற அவருடைய சிலை 2018-இல் அகற்றப்பட்டது. அத்தனைக் கண்ணீர் கொடுத்து வாங்கிய அறிவு, மலையேறி வர இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

நம் நாட்டுக் கதையும் உண்டு. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டனர். மருத்துவர் அருகிலேயே இருந்தார். ஆனால் அவர் ஆண்! அந்நிய ஆண் தொடக்கூடாது என்றனர் வீட்டார். அதைக் கண்ணால் கண்ட ஐடா சுகடர் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து எழுப்பியதுதான், இந்த மலைகளுக்குக் கீழே வேலூரில் நிற்கும் மருத்துவமனை. அன்று நாணம் கொன்றது. இன்று கொல்வதில்லை, ஊமையாக்குகிறது.

தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்குப்படி இலட்சம் பேறுக்குத் தாய் இறப்பு 54. பாடுபட்டுப் பெற்ற வெற்றி! ஆயின் செத்தவளை எண்ணும் ஏடு, பிழைத்துக் கசிபவளை எண்ணுகிறதா? பிள்ளை பெற்ற வீட்டைத் தீட்டு என்று ஒதுக்கி வைத்த சமுதாயம் இது. குருதிக்குத் தீட்டு, பேற்றுக்குத் தீட்டு. உடலே அழுக்கு என்று கற்பித்தபின், ஒழுகும் உடலை எந்த வாயால் அவள் சொல்லுவாள்? திருமணத்துக்குப் போவதை நிறுத்துகிறாள். பேருந்துப் பயணத்தை நிறுத்துகிறாள். தாகமெடுத்தாலும் நீர் குடிப்பதை நிறுத்துகிறாள். "எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதானே" என்று மாமியார் ஆறுதல் சொல்லுவார். அந்த அம்மையாருக்கும் அதேதான்! மலையிலோ ஓய்வு ஏது? விறகுக் கட்டும் சாமைக் கட்டும் தலையில் ஏறுகின்றன. ஆறாத தசைக்கு அது அடிமேல் அடி.

மருந்தில்லாத நோயா? இல்லை! சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசையை இறுக்கிப் பிடித்து, தளர்த்தி, நாள்தோறும் திங்கள் கணக்கில் பயில வேண்டும். 1948-இலேயே கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்த பயிற்சி. காசு வேண்டாம், கருவி வேண்டாம். சரியாகச் செய்யக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். கருப்பை இறங்கியவர்க்குத் தாங்கு வளையம் உண்டு, அறுவையும் உண்டு. பிரான்சு நாட்டில் பிள்ளை பெற்றவளுக்கு இப்பயிற்சியை அரசுக் காப்பீடே தருகிறது. பணக்கார நாடு என்பீர்களோ? ஏழை நேபாளத்தின் உச்சநீதிமன்றம் 2008-இல், கருப்பை இறக்கம் பெண்ணின் உரிமை பற்றிய வழக்கு என்று தீர்ப்பளித்து, அரசைச் செயல்படப் பணித்தது.

நம் அரசு 2021 ஆகசுட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுதேடி வருகிறது. அதில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. சர்க்கரையைக் கேட்கிறார்கள், இரத்த அழுத்தத்தைக் கேட்கிறார்கள். பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியிடமும், "இருமினால் நீர் கசிகிறதா? அடி இறங்கியதுபோல் இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுக் குறிக்கச் சொல்வோம். கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கி வரும் நாளிலேயே தாயையும் பரிசோதிக்கட்டும். அடுத்த வட்ட மாநாட்டுக்குத் தீர்மானம் எழுதும் தோழர்கள் இதையும் எழுதுங்கள். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், தங்கையைப் பேறுக்கு அழைத்து வந்திருக்கிறீர்களே, அவள் தலையில் குடத்தை ஏற்றுவது யார் என்று பாருங்கள்.